ஸ்காட்டிஷ் வாளுக்கு ஆர்டர் கொடுக்குமுன்: ஒரு கொல்லரா, இருவரா, தொழிற்சாலைச் சரக்கா?

ஸ்காட்லாந்தின் பழைய வாள்களில் மறுவடிவம் செய்துதரச் சொல்லி அதிகம் கேட்கப்படுபவை இரண்டு. 1500களிலும் 1600களிலும் ஹைலாண்ட் மலைப்பகுதியில் புழங்கிய இருகைக் கிளேமோர் ஒன்று. 1600களின் பிற்பாதியில் தனக்கென ஓர் உருவம் பெற்று, 1746 ஏப்ரலில் கல்லோடன் போர்க்களம் வரை ஹைலாண்டர்களோடு போன கூடைப்பிடி வாள், அதாவது கையைச் சுற்றி மூடும் இரும்புக் கூடை உள்ள வாள், மற்றது. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆர்டர் கொடுத்தால் ஒன்றிலாவது காசு வீணாகும். கிளேமோரின் கஷ்டமெல்லாம் அலகில் இருக்கிறது. கூடைப்பிடி வாளின் கஷ்டமெல்லாம் பிடியில் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது, எதற்குச் செலவழிப்பது, எதில் விட்டுக்கொடுப்பது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் விடை தேட வேண்டும்.

முன்னால் உள்ள வழிகள் நான்கு. தொழிற்சாலை வாள் ஒன்றை வாங்கித் திருத்திக்கொள்ளலாம். முழு வாளையும் ஒரே கொல்லரிடம் ஒப்படைக்கலாம். அலகை ஒருவரிடமும் பிடியை இன்னொருவரிடமும் செய்வித்து ஒன்றுசேர்க்கலாம். மறுவடிவமே வேண்டாம் என்று 19ஆம் நூற்றாண்டின் அசல் வாள் ஒன்றை வாங்கிவிடலாம்.

கிளேமோர்: நீளமான அலகின் பிரச்சினை

ஹைலாண்ட் கிளேமோரின் சராசரி மொத்த நீளம் 140 செ.மீ. அதில் அலகு 107, பிடி 33. எடை சுமார் 2.5 கிலோ. குறுக்குக் கைகள் அலகை நோக்கிச் சாய்ந்து இறங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் நான்கு சிறு வளையங்கள் பூப்போலச் சேர்ந்திருக்கும். இந்தப் பிடியைத் தேர்ந்த கொல்லர் எவரும் செய்துவிடுவார். சாய்வுக் கோணமும் வளையங்களின் அளவும் அசலோடு ஒத்திருக்கிறதா என்று வரைபடத்தில் சரிபார்த்தால் போதும்.

அலகு அப்படியில்லை. ஒரு மீட்டருக்கு மேல் நீளமான எஃகை ஒரே சீராகச் சூடாக்கி, எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்து, பிறகு மிதமாக மறுபடி சூடாக்கிப் பதம் இறக்க வேண்டும். அடுப்பின் ஒரு பகுதி மட்டும் கூடுதலாகச் சுட்டால் அங்கே எஃகின் மணிகள் பருத்து உடையும் தன்மை வந்துவிடும். சூடு குறைந்த இடம் மென்மையாகி, வளைத்தால் திரும்பி வராது. எண்ணெய்த் தொட்டி ஆழம் போதாமல் அலகைச் சாய்த்து இறக்கினால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து கோணிக்கொள்ளும். ஆகவே கொல்லரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் அடுப்பில் எத்தனை செ.மீ. நீளம் ஒரே வெப்பத்தில் நிற்கும்? 120 செ.மீ.க்குக் குறைவாகச் சொன்னால் அவர் எவ்வளவு நல்ல கத்தி செய்பவராக இருந்தாலும் கிளேமோருக்குப் பொருந்தமாட்டார்.

அடுத்தது கனம். பிடியருகே 6 முதல் 7 மி.மீ. வரை இருக்கும் அலகு முனையை நெருங்க நெருங்க 3 மி.மீ.க்கும் கீழே மெலிய வேண்டும். ஒரே கனத் தகட்டை வெட்டி ஓரங்களை மட்டும் சாணை பிடித்த அலகு, படத்தில் அசலைப் போலவே தெரியும். கையில் எடுத்தால் முனை தரையை நோக்கி இழுக்கும். தொழிற்சாலைக் கிளேமோர் ஒன்று 3 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான். கிளேமோருக்கு ஒரே கொல்லர், அதுவும் நீள அலகில் பழக்கமுள்ளவர் என்பதே சரியான வழி. வேலையை இருவருக்குப் பிரிப்பதால் இங்கே லாபம் எதுவும் இல்லை.

வாலஸ் வாள் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. ஸ்டர்லிங்கில் உள்ள தேசிய வாலஸ் நினைவுச் சின்னத்தில் இருக்கும் அந்த வாளின் நீளம் 163 செ.மீ., எடை 2.7 கிலோ. 1505இல் நான்காம் ஜேம்ஸ் மன்னர் அதற்குப் புதுப் பிடியும் உறையும் போடச் செலவழித்ததாகக் கணக்கு இருக்கிறது. இப்போதுள்ள வடிவம் 1305இல் இறந்த ஸ்காட்லாந்து விடுதலைப் போர்த்தலைவர் வில்லியம் வாலஸின் காலத்தைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது. அதன் மேல் பற்று இருந்தால் அதையே செய்விக்கலாம், அதில் குறையில்லை. ஆனால் ஹைலாண்ட் இருகை வாளின் மாதிரி என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சாய்ந்த கைகளும் நான்கிதழ் நுனியும் அதில் இல்லை.

கூடைப்பிடி வாள்: எல்லாம் பிடியில்தான்

18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் இந்த வாள் எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால் ஆர்டர் கொடுக்கும் வழியும் தெளிவாகும். அலகுகளில் பெரும்பாலானவை ஜெர்மனியிலிருந்து, குறிப்பாக ஸோலிங்கன் நகரத்திலிருந்து இறக்குமதியானவை. அவற்றில் பலவற்றில் ஆண்ட்ரியா ஃபெராரா என்ற இத்தாலிய வாள் கொல்லரின் பெயர் விதவிதமான எழுத்துக்கூட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஓடும் ஓநாய்க் குறி இருக்கும். கூடையைச் செய்து அலகோடு சேர்த்தவர்கள் ஸ்டர்லிங், கிளாஸ்கோ நகரங்களின் சம்மட்டிக்காரர் சங்கத்து (உலோக வேலை செய்பவர்களின் சங்கம்) கைவினைஞர்கள். ஸ்டர்லிங்கின் வால்டர் ஆலன், கிளாஸ்கோவின் ஜான் சிம்ப்சன் போன்றோர் தங்கள் முதலெழுத்துகளைப் பிடியில் பதித்திருப்பதால் இன்றும் அடையாளம் காண முடிகிறது. ஆக, அலகு ஒரு கை, பிடி இன்னொரு கை என்பது அந்தக் காலத்து வழக்கமே. இன்று இருவருக்குப் பிரித்துக் கொடுப்பது செலவைக் குறைக்கும் தந்திரம் மட்டும் இல்லை, மரபுக்கும் பொருந்துகிறது.

கூடையின் அமைப்பு சிக்கலானது. இரு பக்கமும் இரண்டு பெரிய தகடுகள், விரல் கணுக்களுக்கு முன்னால் ஒரு தகடு, இடையிடையே சிறு தகடுகள், எல்லாவற்றையும் இணைக்கும் கம்பிகள், அலகின் பக்கம் நீளும் முன்வளைவுகள், மணிக்கட்டுப் பக்கம் ஒரு கம்பி. தகடுகளில் இதய வடிவத் துளைகளும் வட்டத் துளைகளும் இருக்கும். ஸ்காட்டிஷ் கூடையை இங்கிலாந்துக் கூடையிலிருந்து பிரித்துக் காட்டுவது மேல் முனைதான்: கூடையின் கைகள் குமிழின், அதாவது பிடியின் கடைசியில் உள்ள உலோக உருண்டையின், அடியில் வெட்டிய பள்ளத்துக்குள் செருகி நிற்கும். அந்தப் பள்ளத்தில் கைகள் சரியாக உட்காராவிட்டால் வாளை அசைக்கும்போதெல்லாம் கடகடக்கும். அதை மறைக்க எபாக்ஸி பசையைத் திணிப்பவர்கள் உண்டு. பசை சில வருடம் தாங்கும்; பிறகு நொறுங்கும்.

தொழிற்சாலை வாளின் பெரிய குறை இந்தக் கூடையில்தான் தெரியும். எல்லோருடைய கையும் நுழைய வேண்டும் என்பதால் பெரிதாகச் செய்துவிடுகிறார்கள். அசல் கூடைகள் கையைச் சுற்றிக் கவ்வினாற்போல் இருக்கும். தொழிற்சாலைக் கூடைக்குள் கை தனியே ஆடும். கையிலிருந்து தள்ளி நிற்கும் இரும்பு வாளின் எடையைப் பக்கவாட்டில் இழுக்கும். அலகைச் சாணை பிடித்து மெலிதாக்கலாம், பிடிமரத்தை மாற்றலாம், கூடைக்குள் இருக்கும் தோல், துணி உள்விரிப்பைப் புதிதாகத் தைக்கலாம். கூடையைச் சிறிதாக்க மட்டும் முடியாது. இந்தியாவில் டேராடூனின் வின்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் சில நூறு டாலர் விலையில் கூடைப்பிடி வாள் தருகின்றன. நாடகத்துக்கோ சுவரில் மாட்டவோ அவை தாராளமாகப் போதும். ஆனால் திருத்தித் திருத்தி அசலை எட்டலாம் என்று அதை வாங்கினால், திருத்தும் செலவு வாளின் விலையைத் தாண்டிய பிறகும் கூடை அப்படியேதான் இருக்கும்.

தனியாகச் செய்விப்பதற்குள்ளேயும் தேர்வு இருக்கிறது. குறைந்த செலவில் முடிவது படைவீரர் மாதிரி: லண்டனின் ஜெஃப்ரிஸ், ட்ரூரி ஆகியோர் 18ஆம் நூற்றாண்டில் ஹைலாண்ட் படைப்பிரிவுகளுக்குச் செய்து கொடுத்தது. மெல்லிய தகடு, எளிய துளைகள், தோல் சுற்றிய பிடி. அசலே மலிவாகச் செய்யப்பட்டது என்பதால் மறுவடிவத்திலும் உழைப்பு குறைவு. நேர்த்தியான கிளாஸ்கோ பாணிக் கூடை நடுத்தரம். வளைந்த எஸ் வடிவக் கம்பிகள் பின்னிய ஸ்டர்லிங் கூடை எல்லாவற்றிலும் கடினம். அதிலும் பித்தளை இழைத்த வேலை என்றால் விலை தனி. பணம் குறைவாக இருந்தால் ஸ்டர்லிங் கூடையைச் சுமாராகச் செய்விப்பதைவிடப் படைவீரர் மாதிரியை நன்றாகச் செய்விப்பது எவ்வளவோ மேல். சுமாரான ஸ்டர்லிங் கூடை பார்க்கவே மனதுக்குப் பொறுக்காது.

கையை அளப்பது

கூடை செய்பவருக்கு அனுப்ப வேண்டிய அளவுகள்: முஷ்டி மூடிய நிலையில் ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை அகலம்; கட்டைவிரல் மேல் படிந்திருக்கும்போது முஷ்டியின் முழு உயரம்; கட்டைவிரல் கணுவிலிருந்து எதிர்ப்புறக் கணு வரை குறுக்களவு. சுமார் 3 செ.மீ. விட்டமுள்ள ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். வெறும் முஷ்டி அதைவிடச் சிறிதாகக் காட்டும். வாளை நேராகச் சுத்தியல் பிடியாகப் பிடிப்பீர்களா, கைகுலுக்குவது போலச் சாய்த்துப் பிடிப்பீர்களா என்பதையும் எழுத வேண்டும். சாய்த்துப் பிடித்தால் கணுக்கள் முன்தகட்டை நோக்கி வரும். அங்கே இடம் வேண்டும்.

இதில் பலர் தவறவிடுவது உள்விரிப்பின் கனம். தோலும் அதன்மேல் சிவப்புக் கம்பளித் துணியும் சேர்ந்து 4 முதல் 6 மி.மீ. வரை வரும். இரு பக்கமும் சேர்த்தால் ஒரு செ.மீ. குறைந்துபோகும். விரிப்பில்லாமல் அளந்து செய்த கூடையில் விரிப்பைத் தைத்த பிறகு கை நுழையாது. கையுறை போட்டுப் பயிற்சிச் சண்டை செய்ய வேண்டுமானால் அதற்கென்று தனி வாள் செய்வித்துக்கொள்வதே நல்லது. தடித்த கையுறைக்கு இடம் விட்ட கூடை அசலின் அளவோடு ஒருபோதும் ஒத்துவராது. அட்டையில் கூடையின் மாதிரியை வெட்டி ஒட்டி, உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு அளவுகளை அனுப்புவது மிகப் பயனுள்ள அரை மணி நேர வேலை.

ஒரே கொல்லரா, இருவரா?

ஒரே கொல்லர் என்றால் பொறுப்பு ஒருவரிடம். பிடி ஆடினாலும் அலகு கோணினாலும் கேட்க வேண்டியவர் அவர்தான். எடையின் சமநிலையையும் அவரே பார்த்துப் பார்த்துச் சரிசெய்யலாம்: கூடை கனத்துவிட்டால் அலகில் கொஞ்சம் விடுவார், குறைந்துவிட்டால் எடுப்பார். பாதகம், இரண்டிலும் உண்மையாகத் தேர்ந்தவர்கள் மிகச் சிலர். அவர்களிடம் காத்திருப்பு வருடக் கணக்கில் நீளும், விலையும் ஆயிரக்கணக்கான டாலர்.

இருவர் என்றால் அலகைத் தயாராகவே வாங்கிவிடலாம். வெற்று அலகுகளை விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கூடைப்பிடி வாளின் அலகு 80 முதல் 90 செ.மீ. நீளம், பிடியருகே 32 முதல் 38 மி.மீ. அகலம், கிளேமோரோடு ஒப்பிட்டால் செய்ய எளிது. 5160 அல்லது 6150 எனப்படும் வில் எஃகு வகை, ராக்வெல் சி அளவில் 48 முதல் 52 வரை கடினம், பிடியருகே 5 மி.மீ. கனம் முனைப்பக்கம் 2 மி.மீ. வரை மெலிவு. இவ்வளவையும் எழுத்தில் உறுதிசெய்யும் எவரிடமும் வாங்கலாம். மிச்சமாகும் பணம் முழுவதையும் கூடைக்குத் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுக்கலாம். கூடைப்பிடி வாளுக்கு எங்கள் பரிந்துரை இந்த வழிதான்.

ஆனால் சேர்ப்பில் நடக்கும் தவறுகள் ஒன்றிரண்டு இல்லை. அலகுக்காரர் வாலை, அதாவது பிடிக்குள் நுழையும் பின்பகுதியை, அளவாக வெட்டி அனுப்பிவிட்டால் குமிழுக்கு மேலே அடித்துப் பரப்ப உலோகம் இருக்காது. தேவைக்கு மேல் குறைந்தது 3 செ.மீ. விட்டே அனுப்பச் சொல்ல வேண்டும். வால் கடினமாக இருந்தால் அடிக்கும்போது விரிசல் விடும். அது மென்மையாகவே இருக்கட்டும். அலகு வாலாகக் குறுகும் தோள்பட்டை மூலை உட்புறம் கூராக இல்லாமல் உருண்டையாக இருக்க வேண்டும். கூரான மூலையில்தான் அதிர்ச்சி தேங்கி வாள் உடையும். வாலின் நுனியில் மரையாணிக் கம்பியை வெல்டிங் செய்து நட்டு முடுக்கும் ஏற்பாட்டை ஏற்கவே கூடாது. வெல்டிங் சூட்டில் பதம் கெட்ட அந்த இடம்தான் முதலில் போகும்.

அலகு கைக்கு வந்த பிறகே பிடிக்காரர் கூடையின் அடித்துளையை அரத்தால் ராவ வேண்டும். வரைபடத்தை மட்டும் நம்பி முன்கூட்டித் துளைத்தால் இடைவெளி விழும். ஒன்றுசேர்க்கும் வேலை பிடிக்காரருடையது, பிடி ஆடினால் பொறுப்பும் அவருடையது என்று இருவருக்கும் தெரியும்படி எழுதிவைப்பது முக்கியம். இது எழுதப்படாத ஆர்டர்களில் பழி இருவருக்கும் நடுவே அலையும், வாள் பார்சலில் அலையும்.

பிடிமரத்தின் மேல் திருக்கைத் தோல் சுற்றி, பள்ளங்களில் முறுக்கிய பித்தளைக் கம்பி ஓடுவது வழக்கம். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை வாடையுள்ள மரம் ஓரிரு வருடத்தில் சுருங்கும். கம்பி தளரும், அதோடு முழுப் பிடியும் தளரும்.

பொறிப்பு

1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே அரசாக இணைந்த பிறகு, அதை எதிர்த்தவர்கள் அலகிலேயே முழக்கம் பொறிக்கச் செய்தார்கள். ‘ஸ்காட்லாந்து செழிக்கட்டும், இணைப்பு வேண்டாம்’ என்ற பொருளில் பொறித்த அலகுகள் இன்றும் உள்ளன. அதில் நாட்டின் பெயரையே ஜெர்மன் எழுத்துக்கூட்டில் வெட்டியிருக்கிறார்கள். இப்படி ஒன்றைக் கேட்டால் எழுத்துப் பிழையோடு அசலில் உள்ளபடியே கேளுங்கள், திருத்த வேண்டாம். அமிலத்தால் அரித்த எழுத்து மேலோட்டமாகவும் சமமாகவும் இருக்கும். உளியால் வெட்டியது ஆழம் ஏறி இறங்கி உயிரோடு இருக்கும். விலை வித்தியாசம் பெரிது. என்றாலும் முழக்கம் உள்ள அலகுக்கு உளி வேலைதான் தகும்.

அசலையே வாங்கினால்?

1828இல் வகுத்த அதிகாரிகள் மாதிரி வாளை ஸ்காட்டிஷ் படைப்பிரிவுகள் இன்றும் அணிவகுப்பில் ஏந்துகின்றன. 2005இல் வாள் செய்வதை நிறுத்திய வில்கின்சன் உட்படப் பலர் இதைச் செய்திருக்கிறார்கள். விக்டோரியா காலத்து நல்ல வாள் ஒன்று பல நேரம் தனி ஆர்டரைவிடக் குறைந்த விலைக்கே ஏலத்தில் கிடைக்கும், காத்திருப்பும் இல்லை. சுமார் 82 செ.மீ. நீளமுள்ள அதன் அலகு கல்லோடன் கால அலகைவிடக் குறுகலானது, மெலிந்தது. கூடையும் ஒரே அச்சில் வார்த்தது போன்ற ஒழுங்குடன் இருக்கும். ஸ்காட்லாந்தின் உண்மையான பழைய பொருள் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பவருக்கு இது அருமையான வழி. 1700களின் வாளைக் கையில் உணர விரும்புபவருக்கு உதவாது. பழைய அலகு ஒன்றைக் கழற்றி அதற்குப் புதுக் கூடை போடும் யோசனையை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டோம். அசல் ஒன்று அழியும், மறுவடிவம் ஒன்றும் முழுமையாகக் கிடைக்காது.

ஆர்டர் காகிதம்

மாதிரியாக ஒரே ஓர் அசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு வாள்களில் பிடித்ததையெல்லாம் கலந்தால் எந்தக் காலத்துக்கும் எந்த ஊருக்கும் சேராத ஒன்று வரும். எடின்பரோவின் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம், கிளாஸ்கோவின் கெல்விங்க்ரோவ், லீட்ஸின் ராயல் ஆர்மரீஸ் ஆகியவற்றின் சேகரிப்புகளிலிருந்து தொடங்கலாம். வாளின் சேகரிப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால் எடை, நீளம் போன்ற அடிப்படை விவரங்கள் கிடைக்க வாய்ப்புண்டு. அங்கே போக முடிந்தால் வேண்டியவை: 10 செ.மீ.க்கு ஒரு முறை அலகின் அகலமும் கனமும், சமநிலைப் புள்ளி, அளவுகோலை அருகில் வைத்த படங்கள். கேமராவை 2 மீட்டராவது தள்ளி வைத்து ஜூம் செய்து எடுக்க வேண்டும். அருகிலிருந்து எடுத்த படத்தில் கூடையின் முன்பகுதி உப்பித் தெரியும், செய்பவரும் அப்படியே உப்பச் செய்துவிடுவார்.

காகிதத்தில் எடைக்கு இரு பக்கமும் வரம்பு இருக்கட்டும்: 1.3 கிலோ அசலுக்கு 1.2 முதல் 1.4 வரை. சமநிலைப் புள்ளி கூடையின் அடியிலிருந்து எத்தனை செ.மீ. என்பதும் வேண்டும், இவ்வகை வாளில் 8 முதல் 13 வரை சாதாரணம். பணத்தை மூன்றாகப் பிரித்து, ஆரம்பத்தில் ஒரு பங்கு, கூடை வெல்டிங் முடிந்து இன்னும் மெருகேறாத நிலையில் படம் பார்த்தபின் ஒரு பங்கு, அனுப்புமுன் மீதி. நடுவில் பார்க்கும் அந்தப் படம் மிகவும் அவசியம். கம்பிகளின் வளைவைத் திருத்த முடிகிற கடைசி நேரம் அதுதான்.

உறையையும் அப்போதே சேர்த்துச் சொல்ல வேண்டும், பிறகு வேறொருவரிடம் செய்வித்தால் அலகை மறுபடி அனுப்ப வேண்டிவரும். ஸ்காட்லாந்தில் வாள் விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உள்ளாட்சி உரிமம் இருக்க வேண்டும், கேட்டுக்கொள்ளலாம். இந்தியாவுக்கு வரவழைப்பதென்றால், ஆயுத விதிகளில் வாள் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது, இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். முன்பணம் கட்டுமுன் இதை முடித்துவிடுங்கள். சுங்கத்தில் பிடிபட்ட வாளைச் செய்தவராலும் மீட்டுத்தர முடியாது.

வந்ததும் குமிழைப் பிடித்துக்கொண்டு அலகின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். சத்தம் ஒரே ரீங்காரமாக இருந்தால் சேர்ப்பு நன்று. ஊடே ஒரு சிணுங்கல் கேட்டால் எங்கோ தளர்ந்திருக்கிறது, உடனே எழுதுங்கள். பார்வையை முனையில் நிறுத்தி, அலகு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கையைக் கூடைக்குள் விட்டு ஐந்து நிமிடம் மெதுவாகச் சுழற்றிவிட்டு, கணுக்களில் எங்கே சிவந்திருக்கிறது என்று கவனியுங்கள். உள்விரிப்பில் அந்த இடத்தைத் திருத்தித் தைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீண்ட நாள் வைத்திருக்கத் தோல் உறை ஆகாது, பதனிட்ட தோலின் அமிலம் எஃகைத் தின்னும். கம்பளி விரிப்பும் ஈரத்தை இழுத்து வைத்துக் கூடையை உள்ளிருந்து துருப்பிடிக்க விடும். ஆகவே விரிப்பைத் தைக்குமுன்பே கூடையின் உட்புறத்தில் நுண்மெழுகு பூசும்படி செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். தைத்த பிறகு அங்கே துணி நுழையாது.